தலைச்சுத்துக்குக் குளிசை தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள்

மாதக்கணக்காகத் தலைச்சுத்தோடு வாழ்பவர்கள் கல்முனைக் கரையின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மருதமுனையில் தறியை விட்டு எழும்பும்போது சுவரைப் பிடிப்பவர், சாய்ந்தமருதில் சுஜூதுக்குக் குனியப் பயந்து கதிரையில் தொழத் தொடங்கிய மூத்தம்மா, நிந்தவூரில் வயலுக்குப் போவதையே விட்டுவிட்ட வாப்பா என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவரைக் காட்டலாம். என்ன வருத்தம் என்று கேட்டால், "பிரஷராம்", "ரத்தம் காணாதாம்", "கழுத்தெலும்பு தேஞ்சிட்டாம்" என்பார்கள். அதை எந்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

தலைச்சுற்று தனியொரு நோயல்ல, பல நோய்களின் அறிகுறி. அதன் வேர் காதில் இருக்கலாம், மூளையில் இருக்கலாம், இதயத்தில், இரத்தத்தில், மனதில், ஏன், நாம் தினமும் விழுங்கும் குளிசையிலேயே இருக்கலாம். ஒருவருக்குக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையைத் திருப்பும் சில நிமிடச் சிகிச்சை போதும். இன்னொருவருக்குப் பிரஷர் குளிசையைக் குறைத்தால் சரியாகிவிடும். வேறொருவரை அந்த மணித்தியாலமே வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். மூவருக்கும் ஒரே குளிசையைக் கொடுத்தால் ஒருவரும் சுகப்படமாட்டார். ஒருவர் உயிருக்கே ஆபத்து வரலாம். இந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

தலைச்சுற்றோடு கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதி வரும்வரை பொறுக்கக் கூடாது.

• பேச்சுக் குழறுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு பக்கக் கையோ காலோ பலம் குறைதல் அல்லது விறைத்தல்
• எல்லாம் இரட்டையாகத் தெரிதல், விழுங்கச் சிரமப்படுதல்
• ஒருவர் பிடிக்காமல் நிற்கவோ நடக்கவோ முடியாமை
• முன்பு வராத கடும் தலையிடி அல்லது கழுத்து நோ
• நெஞ்சு நோ, தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு, நினைவு தப்புதல்
• ஒரு காது திடீரெனக் கேளாமற் போதல்
• கறுப்பாக மலம் போதல், இரத்தமாகச் சத்தி எடுத்தல்

1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் விரிந்த சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இது, காசு கேட்கமாட்டார்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மூளை இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரம் தெரியாவிட்டால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகும்.

செய்ய வேண்டியவை

1. எவ்வளவு நேரம், என்ன செய்யும்போது என்று எழுதி வையுங்கள்.

"எப்படிச் சுத்துது?" என்ற கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்வது நோயாளிக்குக் கஷ்டம். 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சுற்றுவதா, மயங்குவதா, தள்ளாடுவதா என்று கேட்டபோது ஒன்றைச் சொன்னவர்களில் பலர், சில நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது வேறொன்றைச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, எது தூண்டியது என்ற கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில் அந்த அளவுக்கு மாறவில்லை. வைத்தியருக்கு அதிகம் உதவுவதும் இந்த இரண்டு விபரங்கள்தான்.

• *ஒரு நிமிடத்துக்கும் குறைவு. படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, ருகூவுக்கும் சுஜூதுக்கும் குனியும்போது:* உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். சுழலும் தலைச்சுற்றுக்கு மிகப் பொதுவான காரணம் இது.
• *எழும்பி நின்றதும் கண் இருட்டி, இருந்ததும் தெளிவது:* நிற்கும்போது இரத்த அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.
• *20 நிமிடம் முதல் 12 மணித்தியாலம் வரை. கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பது குறைவது:* மெனியர் நோயாக இருக்கலாம். பிரெஞ்சு வைத்தியர் புரோஸ்பர் மெனியர் 1861இல் இதை விவரித்தார்.
• *5 நிமிடம் முதல் 3 நாள் வரை. வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, ஒற்றைத் தலையிடி வரும் பழக்கம்:* தலைச்சுற்றாக வரும் ஒற்றைத் தலையிடி. சுற்றும் நேரத்தில் தலை இடிக்காமலும் இருக்கலாம்.
• *திடீரெனத் தொடங்கி நாள் முழுவதும் ஓயாமல் சுற்றிச் சத்தி வருவது:* உட்காது நரம்பின் அழற்சியாகவோ மூளைப் பின்பகுதியின் பக்கவாதமாகவோ இருக்கலாம். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது, உடனே வைத்தியசாலை.
• *3 மாதத்துக்கு மேலாக, அநேகமான நாட்களில், நிலம் ஆடுவது போன்ற தள்ளாட்டம். நிற்கும்போதும் சந்தை நெரிசலிலும் கூடுவது:* நீடித்த சமநிலைத் தலைச்சுற்று என்று ஒரு தனி நோய் இருக்கிறது. அதை அடையாளம் காணும் சர்வதேச அளவுகோல் 2017இல்தான் வந்தது. அதனால் பலருக்கு "ஒன்றும் இல்லை" என்ற பதிலே இன்றும் கிடைக்கிறது.

இந்தப் பட்டியலை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதற்குள் சரியான விபரம் வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதச் சொல்கிறோம்.

2. சுற்றும்போது கண்ணைப் படம் பிடியுங்கள்.

காதிலோ மூளையிலோ கோளாறு இருந்தால், சுற்றும் நேரத்தில் கருமணி தன்னால் துடிக்கும். அது துடிக்கும் திசையைக் கொண்டு வைத்தியர் பலதைக் கண்டுபிடிப்பார். கிளினிக்குக்குப் போகும் நாளில் அந்தத் துடிப்பு இருக்காது. வீட்டில் சுற்றும்போது கண்ணைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில், போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

3. பாவிக்கும் மருந்து முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பிரஷர் குளிசை, சிறுநீர் போகக் கொடுக்கும் குளிசை, முதிய ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதை அடைப்புக்குக் கொடுக்கும் பிரசோசின், டாம்சுலோசின், நித்திரைக் குளிசை, நரம்பு நோவுக்கான குளிசை ஆகிய எல்லாமே தலைச்சுற்றைக் கொண்டுவரலாம். கல்முனையில் ஒரு கிளினிக், தனியார் டிஸ்பென்சரியில் ஒரு துண்டு, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய போத்தல், ஆயுர்வேதக் கசாயம் என்று நாலு இடத்து மருந்து ஒரே உடம்புக்குள் போகும்போது, அதை முழுதாக அறிந்தவர் நோயாளி மட்டுமே. கிளினிக் கொப்பியில் இல்லாததையும் காட்டுங்கள். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி முன்பு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை உட்காதைப் பாதிக்கக் கூடியவை. வயலுக்குக் கிருமிநாசினி அடித்த அன்றோ மறுநாளோ தலை சுற்றினால் அதுவும் முக்கியமான தகவல்.

4. படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

கதிரையில் இருத்தி ஒரு முறை பார்ப்பது இதற்குப் போதாது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறையும், எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது அதிகம். இப்படிப்பட்டவர் "பிரஷர் கூடிட்டு" என்று நினைத்து இன்னொரு குளிசை போட்டால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

5. தலையைச் சாய்த்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்.

லண்டன் வைத்தியர்களான மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் 1952இல் விவரித்த பரிசோதனை இது. கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். சில வினாடிகளில் சுற்றலும் கண் துடிப்பும் வந்தால், உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கின்றன என்று தெரியும். எந்தக் காது என்பதும் தெரியும். இதற்கு இயந்திரம் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு கட்டிலும் பழகிய கையும் போதும்.

சிகிச்சையும் அதே கட்டிலில்தான். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி உருவாக்கிய முறைப்படி தலையை வரிசையாக நாலைந்து நிலைகளுக்குத் திருப்பி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்திருந்து, துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார்கள். பெரும்பாலானோருக்கு ஓரிரு தடவையில் சுகம். நாலு வருடம் குளிசை குடித்தவரும் இந்தச் சில நிமிடத்தில் எழும்பி நடக்கலாம். இந்தப் பரிசோதனை செய்யப்படாமலே வருடங்கள் போவதுதான் பெரிய அநியாயம்.

6. அடிப்படைப் பரிசோதனைகளை விடாதீர்கள்.

ஹீமோகுளோபின், சீனி, ஈ.சீ.ஜீ. மூன்றும் வேண்டும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. மாதவிடாய் அதிகம் போகும் பெண்கள் வெட்கத்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது; இரத்தம் ஏன் குறைந்தது என்பதற்கும் காரணம் தேட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர் சுற்றும் நேரத்திலேயே சீனியைப் பார்க்க வேண்டும். காது அடைப்பு, இரைச்சல் உள்ளவருக்குக் கேட்டல் பரிசோதனையும் தேவை.

கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. அங்கு முடியாத பரிசோதனைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

7. மனதில் உள்ளதையும் சொல்லுங்கள்.

நித்திரையின்மை, பயம், படபடப்பு ஆகியவை தலைச்சுற்றைத் தொடங்கவும் செய்யும், நீட்டவும் செய்யும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டாரைக் கொண்டுபோன கரை இது. அந்தத் துயரத்தைச் சுமப்பவர்களும், புருஷன் வெளிநாட்டில் இருக்கத் தனியே குடும்பம் பார்க்கும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மனக் கவலையும் சேர்ந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னால், நடிக்கிறாய் என்று அதற்கு அர்த்தமில்லை. சமநிலைப் பயிற்சி, மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என்று அதற்கும் சிகிச்சை உண்டு.

8. வயதானவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தைத் தேடுங்கள்.

கண்ணில் வெண்படலம், சீனியால் மரத்துப்போன பாதம், மந்தமான உட்காது, எட்டு வகைக் குளிசை எல்லாம் ஒரே மூத்தப்பாவிடம் இருக்கலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிட்டால் மீதி அவரை விழுத்தும்.

செய்யக்கூடாதவை

1. பழைய மட்டையைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்கி மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். சினரிசின், ஸ்டெமெட்டில் போன்றவை சுற்றலின் உணர்வை அடக்குகின்றன, காரணத்தைத் தீர்ப்பதில்லை. கடும் சுற்றலுக்குச் சில நாள் கொடுக்கலாம். நீண்ட நாள் போனால், பாதிக்கப்பட்ட காதுக்கு ஏற்ப மூளை தன்னைப் பழக்கிக்கொள்வது தாமதமாகும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். பிறகு அந்த நடுக்கத்துக்கு வேறொரு குளிசை தொடங்கும்.

2. அளக்காமல் "பிரஷர்" என்று முடிவெடுக்காதீர்கள். பிரஷர் கூடியவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. தலை சுற்றியதும் ஒரு குளிசை கூடப் போடுவதும், சுகமானதும் எல்லாக் குளிசையையும் நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து.

3. "கழுத்தெலும்புத் தேய்வு" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தேய்வு தெரியும். தலை சுற்றாதவருக்கும் அது இருக்கும். கழுத்துப் பட்டி மாட்டிக்கொண்டு, காதைப் பரிசோதிக்காமல் விடுவது சரியல்ல.

4. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரியும் என்று நம்பாதீர்கள். காதின் துகள்களோ அழுத்தம் விழுவதோ சீ.ரீ. ஸ்கேனில் தெரியாது. மூளைப் பின்பகுதியில் ஏற்படும் புதிய பக்கவாதத்தைக்கூட முதல் மணித்தியாலங்களில் சீ.ரீ. தவறவிடலாம். ஸ்கேன் நல்லதாக வந்தும் நடக்க முடியாவிட்டால் மறுபடி போங்கள். அவசியமில்லாத ஸ்கேனுக்காக நகை அடகு வைக்கவும் வேண்டாம். வேண்டுமா வேண்டாமா என்பதைக் கையால் பரிசோதித்த வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

5. ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். துஆ மனதுக்குத் தைரியம் தரும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஜின் பார்வை, கண்ணூறு என்று சொல்லி ஒரு இளம் பெண்ணின் இதயத் துடிப்புக் கோளாறையோ இரத்தசோகையையோ மாதக்கணக்கில் மறைத்து வைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. நோய்க்கு மருந்து தேடச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. தண்ணீர் ஓதிக் கொடுத்த அன்றே வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள்.

6. யூடியூப் பார்த்துத் தலையைத் திருப்பாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலனில்லை. துகள் வேறு குழாய்க்குப் போகவும் கூடும். கழுத்தில் நோவோ இரத்தக் குழாய் வருத்தமோ உள்ளவருக்குத் தீங்கு வரலாம். வைத்தியரோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ காட்டித் தந்த பிறகு வீட்டில் செய்யலாம்.

7. கிழமைக்கணக்கில் படுக்கையில் கிடக்காதீர்கள். காது நரம்புப் பாதிப்புக்குப் பிறகு, நடந்தும் தலையை அசைத்தும்தான் மூளை சமநிலையைத் திரும்பக் கற்கிறது. முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு ஒருவர் துணையோடு முற்றத்திலாவது நடக்க வேண்டும்.

8. காரணம் தெரிந்து சுகமாகும்வரை ஆபத்தான வேலைக்குப் போகாதீர்கள். மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஓட்டுவது, தோணியில் தனியே கடலுக்குப் போவது, தென்னையிலும் கூரையிலும் ஏறுவது, கட்டில்லாக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது எல்லாம் இதில் அடங்கும்.

நோன்பு காலத்தில்

*செய்யுங்கள்:* ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கிளினிக்கில் கேட்டு, குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்குங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர்வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் பகலில் தலை சுற்றினால் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள்; அதனால் நோன்பு முறிவதில்லை என்பதே உலமாக்களின் பொதுக் கருத்து. அளவு 70க்குக் கீழோ 300க்கு மேலோ இருந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்.

*செய்யாதீர்கள்:* மூன்று நேர மருந்தை இஃப்தாரில் ஒன்றாக விழுங்காதீர்கள். இன்சுலின் போடுபவரும், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவரும் அளவை மாற்றாமல் நோன்பு பிடிக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கத்தால் மறுக்காதீர்கள். தராவீஹில் நீண்ட நேரம் நிற்கக் கண் இருட்டினால் இருந்து தொழுங்கள்.

சுஜூதில் சுற்றுகிறது என்பதற்காகக் கதிரைக்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சலுகை உங்களுக்கு உண்டு. ஆனால் குனியும்போது மட்டும் சில வினாடி சுற்றுவது, மேலே சொன்ன கட்டில் சிகிச்சையால் பெரும்பாலும் சுகமாகக்கூடியது. வயது போயிட்டு என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொண்டால், மறுபடி நெற்றி நிலத்தில் படத் தொழலாம்.

கூட்டிப்போகும் மகளுக்கும் மருமகனுக்கும்

உம்மாவும் வாப்பாவும் வைத்தியர் முன் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்கள். "இப்ப சுகம் மகன்" என்று எழும்பிவிடுவார்கள். நீங்கள் எழுதி வைத்த நாள், நேரம், வீடியோ, மருந்துப் பை நான்கையும் நீங்களே கையில் எடுத்துப் போங்கள். கிளினிக் அறையை விட்டு வருமுன் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள் டொக்டர்? அது எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? இந்தக் குளிசையை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும்?

மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அதைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த திகதியில் மறுபடி கேளுங்கள், அல்லது காது மூக்குத் தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். சொன்ன சிகிச்சையில் ஒரு மாதத்துக்குள் மாற்றமில்லை என்றால் நோய் நிர்ணயத்தையே திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் தலைச்சுற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று காரணமும் கண்டுபிடிக்கலாம், பரிகாரமும் காணலாம். அதைப் பெற்றுக் கொடுக்கும்வரை கேட்பதை விடாதீர்கள்.